பொதுக்கூட்டத்தில் உங்கள் பெயரை முன்மொழிந்துவிட்டார்களா?

வருடாந்தப் பொதுக்கூட்டம் என்றால் எங்கள் யாழ்ப்பாணத்துத் திருச்சபைகளில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். போன வருட அறிக்கை வாசித்து, கணக்கு வாசித்து, தேத்தண்ணியும் வடையும் வரும்வரை எல்லாரும் கலகலப்பாகத்தான் இருப்பார்கள். "அடுத்தது புதிய நிர்வாகத் தெரிவு" என்று குருவானவர் சொன்னதும் மண்டபம் முழுவதும் நிலத்தைப் பார்க்கத் தொடங்கும். கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும். பிறகு பின்வாங்கிலிருந்து ஒரு குரல் உங்கள் பெயரைச் சொல்லும், இன்னொரு குரல் அவசர அவசரமாக வழிமொழியும், நீங்கள் வாயைத் திறக்கமுன் கைதட்டல் வந்துவிடும். வாலிபர் ஐக்கியச் செயலாளரோ, பொருளாளரோ, ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியரோ, வீட்டு ஜெபக்கூட்டப் பொறுப்பாளரோ, ஏதோ ஒன்றாகி வீட்டுக்குப் போவீர்கள்.

அப்படி வீட்டுக்குப் போனவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். கத்தோலிக்கப் பங்குகளில் பதவிகளின் பெயர் வேறு, சுயாதீன சபைகளில் வேறு. வேலை ஏறக்குறைய ஒன்றுதான். நானும் 22 வயதில் இப்படி அகப்பட்டவன். அதற்குப் பிறகு மூன்று பொறுப்புகளில் இருந்திருக்கிறேன். செய்த பிழைகளில் வெளியே சொல்லக்கூடியவற்றை இடையிடையே சொல்கிறேன்.

ஓம் சொல்லமுன்

நியாயாதிபதிகள் 9ஆம் அதிகாரத்தில் யோதாம் சொல்கிற மரங்களின் கதையை முதலில் வாசியுங்கள். மரங்கள் எல்லாம் தங்களுக்கு ஒரு ராஜாவைத் தேடிப் போகின்றன. ஒலிவமரம் தன் எண்ணெயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்கிறது. அத்திமரம் தன் இனிமையை விட்டு வராது. திராட்சைச் செடியும் அப்படியே. கடைசியில் முட்செடியிடம் கேட்கிறார்கள். அது உடனே சம்மதித்து, வந்து என் நிழலில் இருங்கள் என்கிறது. முட்செடிக்கு ஏது நிழல்? நாகதாளிக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கச் சொன்னதுபோல.

நல்லவர்கள் ஒதுங்கினால் முள்ளுத்தான் ஆளும் என்று இந்தக் கதையைப் பிரசங்கங்களில் சொல்வார்கள். சரிதான். ஆனால் ஒலிவமரத்துக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். பிள்ளை ஏ/எல் எழுதுகிற வருடம், வீட்டில் படுத்த படுக்கையாய் ஒரு தாய், புதிதாய்த் தொடங்கிய கடை. இப்படி ஒன்று இருந்தால் "இந்த வருசம் ஏலாது, வாற வருசம் கேளுங்கோ" என்று சொல்வதில் பாவம் ஒன்றும் இல்லை. முகத்துக்காக ஓம் சொல்லிவிட்டு மூன்றாம் மாதம் காணாமல் போகிறவரால் வருகிற கரைச்சல்தான் பெரிது. மறுபக்கம், "சனம் என்ன சொல்லும்" என்பது மட்டும்தான் உங்கள் தயக்கம் என்றால், பேசாமல் ஓம் சொல்லுங்கள்.

முடிந்தால் ஒரு கிழமை அவகாசம் கேளுங்கள். அந்தக் கிழமைக்குள் முன்பு அந்தப் பொறுப்பில் இருந்தவரின் வீட்டுக்குப் போய் மூன்று கேள்வி கேளுங்கள். கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் போகும்? காசு யார் கையில் இருக்கிறது? போன வருடம் எதில் சண்டை வந்தது? சபை யாப்பு விதிகளில் எழுதியிருக்கிற கடமைகளைவிட, மூன்றாவது கேள்விக்கு வருகிற பதிலில்தான் உங்கள் வேலை என்னவென்று தெரியும்.

முதல் மாதம் ஒன்றையும் மாற்றாதீர்கள்

இடிந்த மதிலைத் திரும்பக் கட்ட நெகேமியா எருசலேமுக்கு வந்தபோது கையில் ராஜாவின் கடிதங்கள் இருந்தன, கூடவே குதிரைவீரர் இருந்தார்கள். வந்த அன்றே கூட்டம் கூட்டிப் பேசியிருக்கலாம். அவரோ மூன்று நாள் சும்மா இருந்தார். பிறகு இரவில், சில பேரை மட்டும் கூட்டிக்கொண்டு, தான் ஏறிப்போன மிருகம் ஒன்றோடு, இடிந்த மதிலைச் சுற்றிப் பார்த்தார். போன விஷயம் ஊர் அதிகாரிகளுக்கே தெரியாது. எங்கே இடிந்திருக்கிறது என்று கண்ணால் கண்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

நான் செய்தது இதற்கு நேர்மாறு. செயலாளரான முதல் கிழமையே ஐக்கியக் கூட்டத்தை 4 மணியிலிருந்து 5.30க்கு மாற்றினேன். வெயில் தணிந்த பிறகு வடிவாக இருக்கும் என்று நினைத்தேன். மூன்று பெண்பிள்ளைகள் வருவதை நிறுத்தினார்கள். கடைசி பஸ் அவர்களுக்கு 6 மணிக்கு. அவர்கள் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரியவந்தபோது கார்த்திகை மாதமாகிவிட்டது.

ஆகவே முதல் மாதம் பார்த்துக்கொண்டிருங்கள். அலுமாரியைத் திறந்து என்ன இருக்கிறது என்று பாருங்கள். வரவுப் பதிவேட்டை இரண்டு வருடம் பின்னுக்குப் புரட்டி, ஒழுங்காக வந்து திடீரென்று நின்றவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்ததும் கதிரை அடுக்குகிறவர் யார், அடுக்காமல் கதைத்துக்கொண்டு நிற்கிறவர் யார் என்று பாருங்கள். நின்றுபோனவர்களின் வீட்டுக்கு ஒரு தரம் போய் வாருங்கள். "ஏன் இப்ப வாறேல்லை?" என்று மட்டும் கேட்கக்கூடாது. சுகம் விசாரியுங்கள், தேத்தண்ணி குடியுங்கள், வெளிக்கிடுங்கள். சொல்லவேண்டியதை அவர்களே சொல்வார்கள், அதுவும் அநேகமாக இரண்டாம் முறை போகும்போது, நீங்கள் சைக்கிளைத் திருப்பிப் படலையடியில் நிற்கிற நேரம் பார்த்து.

உங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கிற துண்டு

நெகேமியா 3ஆம் அதிகாரம் வாசிக்க அலுப்பான அதிகாரம். இவன் மகன் அவன் இந்த வாசல்வரை கட்டினான், அவனுக்கு அருகே இன்னொருவன் கட்டினான் என்று பெயர்கள் மட்டும் போய்க்கொண்டிருக்கும். ஆனால் பலர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த மதில்துண்டைக் கட்டினார்கள் என்று அதில் திரும்பத் திரும்ப வரும். சல்லூம் என்பவர் தன் மகள்மாரோடு சேர்ந்து கட்டினார். தெக்கோவா ஊர்ப் பெரிய மனிதர் மட்டும் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை. அதையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மதில்கள் வருமுன் வருடாவருடம் கதியால் போட்டு, கிடுகு கட்டி, வேலி அடைத்த சனம் நாங்கள். உன் பக்கம் உனக்கு, என் பக்கம் எனக்கு. ஒருவர் அடைக்காமல் விட்டால் ஊர் ஆடு முழுவதும் அந்த ஓட்டையால்தான் வரும். மிஷன்காரர் யாழ்ப்பாணம் வந்தபோதும் இப்படித்தான் நடந்தது. 1814இல் மெதடிஸ்தர், 1816இல் அமெரிக்கர், 1818இல் அங்கிலிக்கரின் சேர்ச் மிஷன் என்று அடுத்தடுத்து வந்தார்கள். மெதடிஸ்தர் பட்டினத்திலும் பருத்தித்துறையிலும், அமெரிக்கர் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும், சேர்ச் மிஷன் நல்லூரிலும் என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். இன்றைக்கும் எந்தக் கிராமத்தில் எந்தச் சபை தொடங்கிய பள்ளிக்கூடம் இருக்கிறது என்பதில் அந்தக் கோடு தெரியும்.

உங்கள் துண்டு எது என்று கேட்டால், சபைக்கு வெளியே இருந்து எண்ணத் தொடங்குங்கள். வீடுதான் முதல் துண்டு. "ஒருவன் தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதிருந்தால், தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான்?" என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். நடத்துவது என்றவுடன் அதிகாரம் பண்ணுவது என்று எங்கள் ஆண்கள் எடுத்துக்கொள்வார்கள். சபை வேலை என்று நாள் முழுக்க மோட்டார் சைக்கிளில் ஓடித்திரிந்துவிட்டு, இரவு வந்து சாப்பிட்ட கோப்பையை அப்படியே விட்டுப் படுக்கிறவரை எனக்குத் தெரியும். நான்தான் அது. கோப்பையைக் கழுவத் தொடங்கியது கலியாணம் முடித்து நாலாம் வருடம்.

வீட்டுக்கு அடுத்தது கூலி. வேலைக்காரரின் கூலியை அன்றன்றே, பொழுதுபடுமுன் கொடுக்கச் சொல்கிறது உபாகமம் 24. கிணறு இறைக்க வந்தவரை, ஓடு மாற்ற வந்தவரை "நாளைக்கு வாரும்" என்று அனுப்பிவிட்டு மாலையில் ஜெபக்கூட்டம் நடத்தினால், கேட்கிறவர் ஊருக்குள் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். கடை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. ரோமர் 12:8இல் தலைமை தாங்குகிறவனைப் பற்றி வருகிற இடத்தைப் பழைய தமிழ் வேதாகமம் "முதலாளியானவன் ஜாக்கிரதையாயிருக்கக்கடவன்" என்று சொல்கிறது. சின்ன வயதில் அதை வாசித்துவிட்டு, சந்திக் கடை முதலாளிக்குத்தான் இந்த வசனம் என்று நான் கனகாலம் நம்பியிருந்தேன். அந்தக் காலத் தமிழில் முதலாக நிற்கிறவர் எவரும் முதலாளிதான். ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்று வேதாகமத்தைத் தமிழாக்கிய ஊர் இது. ஒரு சொல்லைத் தோண்டிப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கமான வேலைதானே. எப்படிப் பார்த்தாலும் கடைக்காரருக்கும் வசனம் பொருந்துகிறது. கடைப் பெடியன் சாப்பிட்டானா, ஞாயிறு அவனுக்கு லீவு இருக்கிறதா என்று பார்க்கிறதும் அந்த ஜாக்கிரதையில் சேர்த்திதான்.

காசு

இதில் கொஞ்சம் நின்று கதைக்கவேண்டும். எங்கள் சபைகளில் உபதேசத்தால் பிரிந்தவர்களைவிடக் கணக்கால் முகம் பாராமல் போனவர்கள் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

எருசலேமில் கஷ்டப்பட்ட விசுவாசிகளுக்காகப் பவுல் மக்கெதோனியாவிலும் கொரிந்துவிலும் காசு சேர்த்தார். அவரை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ஆனாலும் அவர் தனியே கொண்டுபோகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட அனுப்பினார். காரணத்தையும் எழுதினார்: "கர்த்தருக்கு முன்பாகமாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம்." 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரம். பொருளாளர் ஆகிறவர்கள் அந்த அதிகாரம் முழுவதையும் ஒரு தரம் வாசித்தால் நல்லது.

இந்த வசனத்தின் அர்த்தம் எனக்கு விளங்கியது நத்தார் ஒளிவிழா ஒன்றில். ரிக்கற் விற்ற காசு, நன்கொடைக் காசு எல்லாம் என் கையில். தனிப் பை எதற்கு என்று என் பேர்சிலேயே வைத்தேன். ஓட்டோவுக்குக் கொடுத்தேன், பலூன் வாங்கினேன், இடையில் என் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோலும் அடித்தேன், பிறகு வைப்போம் என்று. முடிவில் 4,750 ரூபாய் இடித்தது. எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் காசைப் போட்டுக் கணக்கை நேராக்கினேன். ஆனால் அதை வாசித்தபோது என் குரல் நடுங்கியதைச் சனம் கேட்டுவிட்டது. கூட்டம் முடிந்து ஒரு வயதான ரீச்சர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீ எடுக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரிஞ்சு காணாது" என்றார்.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கிற முறை இது. காணிக்கையோ ரிக்கற் காசோ, இரண்டு பேர் சேர்ந்து, சேர்ந்த இடத்திலேயே, அன்றைக்கே எண்ணவேண்டும். இருவரும் ஒரே வீட்டுக்காரராக இருக்கக்கூடாது. திகதி, தொகை, இரண்டு கையெழுத்து உள்ள துண்டு ஒன்று கணக்குப் புத்தகத்தில் ஒட்டப்படவேண்டும். வாங்கிய காசு ஒவ்வொன்றுக்கும் காபன் தாள் வைத்த பற்றுச்சீட்டு. நூறு ரூபாய்க்கும் அதுதான், பாதிரியாருக்கும் அதுதான். பில் தராத செலவுகள் எங்கள் ஊரில் நிறைய இருக்கும்: குருத்தோலை, ஓட்டோ, சமையலுக்கு உதவ வந்த அம்மா. அவற்றை ஒரு துண்டில் எழுதிக் காசு வாங்கியவரிடம் கையெழுத்து வாங்குங்கள். வங்கிக் கணக்கு இரண்டு கையெழுத்தில் இருக்கட்டும். வேலை நடக்கிற நாட்களில் சபைக் காசுக்குத் தனிப் பை ஒன்று, அதுவும் நிறம் வேறாக. மாதக் கடைசியில் கணக்குப் பக்கத்தைப் படம் எடுத்து நிர்வாக வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் போடுங்கள். யாரும் கேட்கவில்லை என்பதால் நிறுத்தின மாதத்திலிருந்துதான் கரைச்சல் தொடங்கும்.

வெளிநாட்டுக் காசு தனிக்கதை. லண்டனிலும் பரிஸிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற எங்கள் சனம் கை நீட்டித் தருகிறவர்கள். தருகிறவர் எதற்குத் தருகிறார் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குரல் பதிவு காணாது. கூரைக்கு வந்த காசு கூரைக்குத்தான். மிஞ்சினால் எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு மற்றதுக்குத் திருப்புங்கள். வந்த நாளின் நாணய மாற்று விகிதத்தையும் புத்தகத்தில் குறித்து வையுங்கள். தந்தவரின் பெயரைப் பளிங்குக் கல்லில் பொறிக்கிற ஆசை யாருக்காவது வந்தால், மத்தேயு 6ஆம் அதிகாரத்தை மெதுவாக நினைவுபடுத்தலாம். கேட்பார்களோ தெரியாது. நான் இரண்டு முறை நினைவுபடுத்தினேன். இரண்டு கல்லும் சுவரில் இருக்கின்றன.

பத்துப் பேருக்கு ஒருவர்

யாத்திராகமம் 18. மோசே காலையிலிருந்து மாலைவரை தனியே இருந்து சனத்தின் வழக்குகளைக் கேட்கிறார். மாமனார் எத்திரோ பார்த்துவிட்டு "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்கிறார். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று ஆட்களை வைத்துப் பிரித்துக்கொடுக்கச் சொல்கிறார். மோசே கேட்கிறார். மாமனார் சொல்லி மருமகன் கேட்டதே ஒரு அற்புதம் என்று எங்கள் பழைய குருவானவர் ஒருவர் பகிடி விடுவார்.

எத்திரோ சொன்ன விதத்தையும் கவனியுங்கள். வந்தார், சுகம் விசாரித்தார், நடந்ததைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார், கூட இருந்து சாப்பிட்டார். அடுத்த நாள் முழுக்கப் பார்த்தார். முதலில் வந்தது கேள்விதான், இது என்ன காரியம் என்று. பிறகுதான் குறை, குறையோடு சேர்த்தே வழியும். உங்களுக்கு மூத்தவர் ஒருவரிடம் பிழை கண்டால் இந்த ஒழுங்கை அப்படியே பின்பற்றலாம்.

அவர் எப்படிப்பட்டவர்களைத் தெரியச் சொன்னார்? தேவனுக்குப் பயந்தவர்கள், உண்மையுள்ளவர்கள், பொருளாசையை வெறுக்கிறவர்கள், திறமையுள்ளவர்கள். நல்ல குடும்பம், இங்கிலிஷ் பேசுவார், தமையன் சுவிஸில் என்றெல்லாம் அதில் இல்லை.

பத்துப் பேருக்கு ஒருவர் என்ற அந்தக் கடைசிப் படியில்தான் புதியவர்கள் தொடங்கவேண்டும் என்று நினைக்கிறேன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, சண்டை நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது நான் சின்னப் பெடியன். மழை, இருட்டு, நாவற்குழிப் பாலத்தில் அசைய இடமில்லை. எங்கள் ஓய்வுநாள் பாடசாலை அக்கா, தன் வகுப்புப் பிள்ளைகளில் கண்ணில் பட்ட ஒன்பது பேரைச் சேர்த்துக்கொண்டு, கைதடி போகும்வரை சனம் நின்ற இடத்திலெல்லாம் பெயர் சொல்லி எண்ணிக்கொண்டே வந்தார். தாய்தகப்பன்மார் முன்னுக்கும் பின்னுக்குமாக மூட்டையோடு வந்தார்கள். அக்காவுக்கு அப்போது 19 வயது இருக்கும். அவரிடம் ஒரு பதவியும் இல்லை. பெயர் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

உங்கள் பத்துப் பேரின் பெயரை ஒரு கொப்பியில் எழுதுங்கள். கிழமைக்கு இரண்டு பேரோடாவது கதைத்துவிடுங்கள். பரீட்சை, வருத்தம், வேலை தேடுதல் என்று ஒருவருக்கு ஒரு வரி போதும். அந்தக் கொப்பியை வைத்துத்தான் ஜெபம் பண்ணவேண்டும், கொப்பியில் உள்ளதை வேறெங்கும் கதைக்கக்கூடாது. 

இனி, வேலை பிரிக்கும்போது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் வாயால் சொல்லாத ஒன்று வரும். சாதி. மிஷன் விடுதிப் பள்ளிகளில் ஒரே பந்தியில் இருந்து சாப்பிடுவதே ஒரு காலத்தில் பெரிய சண்டை. இப்போது சண்டை இல்லை. ஆனால் பந்தல் போடக் கூப்பிடுகிறவர்களையும் மைக் பிடிக்கக் கூப்பிடுகிறவர்களையும் இரண்டு பட்டியலாக எழுதிப் பாருங்கள், விளங்கும். அப்போஸ்தலர் 6இல் இதே மாதிரி ஒன்று வந்தது. கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்கு அன்றாடப் பங்கு கிடைக்கவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. சபை ஏழு பேரைத் தெரிந்தது. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். யார் தரப்பிலிருந்து முறைப்பாடு வந்ததோ, அந்தத் தரப்பின் கையிலேயே பந்தியைக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

செய்யக்கூடியவை சின்னவைதான். வேதபாடம் வாசிக்க, கதிரை அடுக்க, சமைக்க, நன்றியுரை சொல்ல எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்ப்பட்டியல், அகரவரிசையில். யாரையும் குற்றம் சாட்டாமல் பெரிய வீட்டுக்காரரைக் கதிரை தூக்க வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வீட்டு ஜெபக்கூட்டமும் அதே வரிசையில் வீடு வீடாகப் போகட்டும். சிலர் தண்ணி வென்னி குடிக்கத் தயங்குகிற வீட்டில், நீங்கள் முதலாவதாகத் தேத்தண்ணியை எடுத்துக் குடியுங்கள். ஒன்றும் பேசவேண்டாம்.

கிடாரம்

யோவான் 13இல் இயேசு சீஷரின் கால்களைக் கழுவுகிறார். வாசலில் வாளியில் தண்ணி வைத்து, கால் கழுவிவிட்டு உள்ளே வந்த ஊர் எங்களது. அதனால் பெரிய வியாழனில் நடக்கிற சடங்காக மட்டும் அதை நினைக்கத் தேவையில்லை. இப்போதைய கால் கழுவுதல் ஒளிவிழா முடிந்து இரவு பத்து மணிக்கு அடிப்பிடித்த சோற்றுக் கிடாரத்தைத் தேய்ப்பது. வருடத்தில் ஒரு தரமாவது தலைவர் அதைத் தேய்க்கவேண்டும், படம் எடுக்காமல்.

சாடை வேறு, உவமை வேறு

பிழை செய்தவரைத் திருத்துவதுதான் புதியவர்களுக்கு மிகக் கஷ்டம். எங்கள் ஆட்கள் ஒன்றில் அறவே சொல்லமாட்டார்கள், அல்லது சாடையாகச் சொல்வார்கள். சாடை என்பது யாழ்ப்பாணத்தின் கலை. இருபது பேர் இருக்கிற கூட்டத்தில் "சிலபேர் நேரத்துக்கு வாறேல்லை" என்று கூரையைப் பார்த்துச் சொல்வது. இப்போது அது வாட்ஸ்அப்பில் வசனமாக வரும், காலை ஆறு மணிக்கு, யாருக்கென்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரி.

பிழை செய்த தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி போனதும் கதையோடுதான், நேரே விஷயத்தோடு இல்லை. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்து விருந்து வைத்த பணக்காரனின் கதை. அதுவும் சாடை என்று சிலர் சொல்லக்கூடும். இல்லை. நாத்தான் ராஜாவிடமே போனார், கதையைச் சொன்னார், ராஜா கோபப்பட்டதும் "நீயே அந்த மனுஷன்" என்று முகத்துக்கு நேரே முடித்தார். கேட்கவேண்டியவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் கேட்கிற பேச்சுத்தான் சாடை. உவமையில் கடைசியில் ஒரு பெயர் இருக்கும், ஒரு முகமும் இருக்கும்.

மத்தேயு 18:15 வழியைக் காட்டுகிறது: "நீயும் அவனும் தனித்திருக்கையில்." போன் வேண்டாம், நேரே போங்கள். சாப்பாட்டு நேரம் பார்த்துப் போகவேண்டாம், வீட்டாருக்கு முன்னால் வேண்டாம். நடந்த ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள். "நீ எப்பவும் இப்படித்தான்" என்று தொடங்கினால் அங்கேயே முடிந்தது. கேட்காவிட்டால் ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறது அடுத்த வசனம். கூட்டிப்போகிறவர் இரண்டு பக்கமும் மதிக்கிற ஆளாக இருக்கவேண்டும், உங்கள் நண்பராக இருக்கத் தேவையில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்தத் தனிச்சந்திப்பு முறை பொருந்தாது. பிள்ளை ஒன்றுக்குத் தீங்கு நடந்திருக்கிறது என்று தெரிந்தால், தனியே போய்க் கதைத்துச் சமாதானம் பண்ணுகிற வேலையில் இறங்காதீர்கள். குருவானவருக்கும் பிள்ளையைப் பாதுகாக்கிற அரச அலுவலர்களுக்கும் அன்றைக்கே தெரியப்படுத்துங்கள். சபையின் பெயர் கெடும் என்று யாராவது தடுத்தால், அவரிடம் மத்தேயு 18:6ஐ வாசிக்கச் சொல்லுங்கள்.

கொடுத்துவிட்டு இறங்குவது

சாமுவேல் கிழவனாகிப் பொறுப்பைக் கொடுத்துவிட்டு இறங்குகிற இடம் 1 சாமுவேல் 12. சனத்துக்கு முன்னால் நின்று, நான் யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், யார் கையில் பரிதானம் வாங்கினேன், சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்கிறார். எங்கள் பிரியாவிடைக் கூட்டங்களில் மாலை இருக்கும், நினைவுப்பரிசு இருக்கும், இந்தக் கேள்வி இருக்காது. கணக்குப் புத்தகம், வங்கிப் புத்தகம், அலுமாரித் திறப்பு, பொருட்களின் பட்டியல் ஆகிய நாலையும் இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

ஆனால் கையளிப்பு கடைசி நாளில் தொடங்குகிற வேலை இல்லை. மானிப்பாயில் வைத்தியம் செய்த சாமுவேல் கிறீன் 1847இல் இங்கே வந்தார். தான் ஒருவரே எல்லா நோயாளரையும் பார்த்துக்கொண்டிருக்காமல், வந்த காலத்திலேயே உள்ளூர்ப் பெடியளுக்கு வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கினார். அறுபதுக்கு மேற்பட்டவர்களை உருவாக்கினார். பிறகு தமிழ் படித்து, மேலைத்தேய வைத்திய நூல்களைத் தமிழாக்கி, பாடத்தையே தமிழில் நடத்தினார். படித்தவர்கள் ஊரிலேயே நிற்கட்டும் என்பது அவர் எண்ணம். எடுக்கிறவருக்கு விளங்குகிற பாஷையில் கொடுக்கிறதுதான் கையளிப்பு. நீங்கள் மட்டும் வாசிக்கக்கூடிய கையெழுத்தில் எழுதிய கொப்பியைக் கொடுத்தால் அது கையளிப்பு ஆகாது. பொறுப்பெடுத்த ஆறாம் மாதமே உங்களுக்கு அடுத்தவராக ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவர் பார்க்கட்டும், பிறகு சேர்ந்து செய்யுங்கள், பிறகு அவர் செய்ய நீங்கள் பாருங்கள்.

அவர் ஒரு தரம் சறுக்கினால் கைவிடவேண்டாம். மாற்கு முந்திய ஊழியப் பயணத்தில் பாதி வழியில் விட்டுப் போனவன் என்று பவுல் அவனைக் கூட்டிக்கொண்டு போக மறுத்தார். பர்னபா விடவில்லை, கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குப் போனார். கனகாலம் கழித்து அதே பவுல், மாற்குவை அழைத்துவா, அவன் எனக்கு உதவியானவன் என்று எழுதுகிறார்.

நான் கடைசியாகப் பொருளாளராக இருந்து இறங்கியபோது பொறுப்பை எடுத்தது 23 வயதுப் பிள்ளை ஒன்று. முதல் மாதமே என் அலுமாரியை வேறு சுவருக்கு மாற்றிவிட்டாள். அது எதற்கு அங்கே இருந்தது என்று என்னிடம் கேட்கவும் இல்லை. எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றும் சொல்வதில்லை என்று நானே எனக்கு வைத்த விதி, அடக்கிக்கொண்டு பின்வாங்கில் இருந்தேன். மாரி வந்தபோதுதான் தெரிந்தது, பழைய இடத்தில் கூரை ஒழுகுகிறது. என் காலத்துப் பற்றுச்சீட்டுப் புத்தகங்கள் இரண்டில் ஓரமெல்லாம் தண்ணி ஊறி மை கலைந்திருக்கிறது. அவளுடையவை காய்ந்து கிடக்கின்றன.